ஏழுக்கு நாலு குளியலறையில் வால் ஹங் கமோட்: வாங்கலாமா?

நங்கநல்லூரில் எங்கள் ஃபிளாட் தொண்ணூறுகளில் கட்டியது. குளியலறை ஏழடிக்கு நாலடி. குளியல், கமோட், வாஷ்பேசின், கீசர் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கியதால் போன வருடம் தரையை உடைத்து வாட்டர்புரூஃபிங் செய்தோம். அதோடு பழைய கமோடை எடுத்துவிட்டு, சுவரில் தொங்கும் வால் ஹங் கமோடும் சுவருக்குள் மறையும் ஃபிளஷ் டேங்கும் வைத்தோம். வீட்டில் நாலு பேர் தினமும் புழங்கிய பிறகு எழுதுகிறேன்.

கடையில் எல்லோரும் முதலில் சொல்வது, "இடம் மிச்சமாகும் மேடம்" என்பதுதான். டேப் வைத்து அளந்தால் கணக்கு வேறு. பழைய கமோட் சுவரிலிருந்து 28 இஞ்ச் நீட்டிக்கொண்டிருந்தது. புதியது 21 இஞ்ச்தான், ஆனால் டேங்கையும் இரும்பு ஃபிரேமையும் மறைக்க எழுப்பிய சுவர் 6 இஞ்சைத் தின்றுவிட்டது. மிச்சம் ஒரே ஒரு இஞ்ச். அந்த இஞ்சுக்காக யாரும் இதை வாங்க வேண்டாம்.

வாங்க வேண்டியது தரைக்காக. நம் குளியலறையில் குளித்தால் தரை முழுக்க ஈரம். பழைய கமோடின் அடிப்பகுதியைச் சுற்றிப் பூசிய வெள்ளை சிமென்ட் ஓரத்தில் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். சுவருக்கும் கமோடுக்கும் நடுவே பிரஷ் நுழையாத சந்து, அதில் முடியும் சோப்பு அழுக்கும். இப்போது கமோடுக்கு அடியில் நாலு இஞ்ச் இடைவெளி. வைப்பரை வாசலிலிருந்து எதிர்ச் சுவர் வரை ஒரே இழுப்பில் இழுத்து, தண்ணீரைத் தரையில் இருக்கும் வடிகால் வாயான நானி டிராப்பில் தள்ளிவிடலாம். குளித்த கொஞ்ச நேரத்தில் தரை காய்கிறது, வாடை இல்லை. சின்ன அறைக்கு இதைவிடப் பெரிய அழகு வேண்டுமா என்ன?

"எடை தாங்குமா?" என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வகைக் கமோடுகளை ஐரோப்பியத் தரவிதிப்படி 400 கிலோ ஏற்றிச் சோதிக்கிறார்கள். எடையை வாங்குவது ஃபிரேம்தான். அது தரையிலும் சுவரிலும் ஆங்கர் போல்ட்டில் உட்கார வேண்டும். ஒரு கடையில் ஃபிரேமே வேண்டாம், நாலரை இஞ்ச் செங்கல் சுவரிலேயே போல்ட் அடித்துத் தருகிறோம் என்றார்கள். அதோடு அந்தக் கடையை விட்டு வந்துவிட்டோம். காசு மிச்சம் என்று இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பிளம்பர் அண்ணா வேலை செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபிரேமை நிறுத்தி, ரசமட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பார்த்துத்தான் போல்டை முடுக்கினார். அப்புறம் டேங்கை நிரப்பித் தண்ணீரை ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் கீழே காய்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஒவ்வொரு தாளையும் கையால் தடவிப் பார்த்தார். தண்ணீர் வெளியேறும் வளைந்த குழாய்க்கு (அவுட்லெட் பெண்ட்) கீழே இருந்த தாளில் மட்டும் ஒரு சின்ன ஈரவட்டம். ரப்பர் வளையத்தைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டி, இன்னொரு ராத்திரி விட்டு, தாள் காய்ந்தே இருந்த பிறகுதான் கொத்தனாரைச் சுவரை மூடச் சொன்னார். உங்கள் ஆளிடமும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

உயரத்தை நம் விருப்பப்படி வைக்கலாம் என்பது இன்னொரு லாபம். அத்தைக்கு முழங்கால் வலி. அவரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்து, சீட் 18 இஞ்ச் உயரத்தில் வருகிற மாதிரி வைத்தோம். இப்போது சுவரைப் பிடிக்காமல் எழுகிறார். டைல்ஸ் ஒட்டிவிட்டால் மாற்ற முடியாது, முன்னாலேயே முடிவு செய்யுங்கள். கமோடை மாட்டும் இரண்டு போல்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் 18 அல்லது 23 செ.மீ. என்று பொதுவான அளவில்தான் வருகிறது. அதைக் குறித்து வைத்தால், பின்னால் வேறு கம்பெனி கமோடையும் இதே ஃபிரேமில் மாட்டலாம்.

ரிப்பேர் வந்தால் சுவரை உடைக்க வேண்டுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. வேண்டாம். ஃபிளஷ் பட்டன் தகட்டைக் கழற்றினால் கை நுழைகிற அளவு வாசல் இருக்கிறது. வால்வும் வாஷரும் அதன் வழியாகவே வெளியே வரும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சில மாதத்தில் கமோடுக்குள் தண்ணீர் நூலாக வழிய ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தால் வாஷர் விளிம்பில் வெள்ளைப் படிவு. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டியதும் நின்றது. உப்புத் தண்ணீர் வீட்டில் இந்த வேலை அவ்வப்போது வரும்.

விலைதான் கடிக்கிறது. ஃபிரேம், டேங்க், பட்டன் தகடு, கமோட், கூலி எல்லாம் சேர்த்தால் சாதாரணக் கமோடைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் டேங்குக்காக எழுப்பிய சுவரை நாலடியோடு நிறுத்தி மேலே கிரானைட் போட்டதில், ஷாம்பு, சோப்பு, பிரஷ் வைக்க ஒரு மேடை கிடைத்தது. தனி அலமாரி வாங்கவில்லை. வாஷ்பேசின் மூலையில் மாட்டுகிற சின்ன வகை. தரைக்கு மேட் ஃபினிஷில் ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ். பெரிய டைல்ஸை விட இதில்தான் வாட்டம் ஒழுங்காக வருகிறது. கண்ணாடித் தடுப்பு வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். போர் தண்ணீர் பட்ட கண்ணாடி எவ்வளவு துடைத்தாலும் வெள்ளை பூத்துப் போகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. பழைய தரையை உடைக்கிற எண்ணம் இல்லாதவர்களும் விட்டுவிடலாம். இந்த ஒரு பொருளுக்காக மட்டும் சுவரையும் தரையையும் கிளறுவது வீண் செலவு. எப்படியும் உடைக்கப் போகிறீர்கள், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், குளியலறையைக் கழுவுவது நீங்கள்தான் என்றால், தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போதே வால்வ் வாஷர் ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள், நம் தெருமுனை ஹார்டுவேர் கடையில் அது கிடைப்பதில்லை.