கேன்சர் டுடே: ஜப்பானைப் பார்த்து நான் ஏமாந்த கதை

லியோன் நகரத்தில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை நடத்தும் இணையதளம் 'கேன்சர் டுடே'. ஆய்வேட்டுக்காக இரண்டு மாதமாகத் தினமும் இதில்தான் குடியிருக்கிறேன். இலவசம். 185 நாடுகள், 36 வகைப் புற்றுநோய்கள், வயது, பால் என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். 2022-க்கான மதிப்பீட்டில் உலகம் முழுக்கப் புதிதாக நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 2 கோடி, இறந்தவர்கள் 97 லட்சம்.

முதல் நாளே ஏமாந்தேன். மக்கள்தொகையால் நேரடியாக வகுத்த இறப்பு வீதத்தைப் பார்த்தால், ஜப்பான் உலக சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஏன் இப்படி என்று அரைப் பக்கம் காரணம் எழுதிவிட்டேன். என் வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: "அங்கே கிழவர்கள் எத்தனை பேர்?" எல்லா நாட்டிலும் வயதுவாரிப் பங்கு ஒன்றே என்று வைத்துக் கணக்கிடும், வயது சமன்செய்த வீதத்துக்கு மாற்றினேன். ஜப்பான் சராசரிக்கும் கீழே இறங்கிவிட்டது. அரைப் பக்கம் குப்பைக்குப் போனது. இதில் ஒரு வேடிக்கை, அந்தச் சமன்செய்தலுக்குப் பொது அளவுகோலாகப் பயன்படும் 'உலக மக்கள்தொகை' என்ற வயதுப் பட்டியலை 1960-இல் முன்வைத்த ஆய்வாளர் சேகி மிட்சுவோ ஜப்பானியர்தான். 1966-இல் பிரிட்டிஷ் நோய்ப்பரவலியல் ஆய்வாளர் ரிச்சர்ட் டால் அதைக் கொஞ்சம் திருத்தினார்.

வரைபடத்தில் எல்லா நாட்டுக்கும் ஒரு நிறம் உண்டு. ஆனால் எல்லா நிறத்துக்கும் பின்னால் புற்றுநோயாளிகளைப் பதியும் பதிவேடு இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சில நாடுகளில் ஒவ்வொரு நோயாளியும் பதிவாகிறார். சில நாடுகளில் ஓரிரு நகரங்களின் பதிவேட்டை வைத்து நாடு முழுவதற்கும் கணக்குப் போடுகிறார்கள். பதிவேடே இல்லாத இடத்தில் பக்கத்து நாடுகளின் சராசரிதான். இறப்பும் அப்படியே: காரணத்தோடு இறப்பு பதிவாகாத நாட்டில், புதிய நோயாளிகளின் எண்ணிக்கையிலிருந்து கணித மாதிரி (model) போட்டு இறப்பைக் கணக்கிடுகிறார்கள். அங்கே "நோய் இவ்வளவு, இறப்பு இவ்வளவு, ஆகவே சிகிச்சை மோசம்" என்று முடிவு கட்டினால், மாதிரிக்குள் போட்டதையே திரும்ப எடுத்து வியப்பதாகத்தான் அர்த்தம். எந்த நாட்டுக்கு எந்த வழி என்பது முறையியல் பக்கத்தில் நாடுவாரியாக இருக்கிறது. அதைப் படிக்காமல் ஒரு எண்ணையும் எடுக்காதீர்கள்.

அப்புறம், 'எல்லாப் புற்றுநோய்களும்' என்பதில் இரண்டு வகை உண்டு. மெலனோமா (நிறமி செல்களில் வரும் தோல் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோயைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே சுமார் 12 லட்சம் பேர் வித்தியாசம். 2018, 2020, 2022 பதிப்புகளை வரிசையாக வைத்து "கூடுகிறது, குறைகிறது" என்றும் சொல்ல முடியாது. தரவும் முறையும் மாறியிருக்கும். போக்கு வேண்டுமானால் அதே முகமையின் 'கேன்சர் ஓவர் டைம்' இருக்கிறது.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். மதிப்பீடு வேண்டாம், பதிவேட்டில் ஏறிய கணக்குதான் வேண்டும் என்பவர்கள், 1966 முதல் தொகுதி தொகுதியாக வரும் 'கேன்சர் இன்சிடென்ஸ் இன் ஃபைவ் கான்டினென்ட்ஸ்' பக்கம் போங்கள். அதில் இறப்புச் சான்றிதழ் மூலம் மட்டுமே தெரியவந்தவர்கள் எத்தனை சதவீதம் என்றும் போட்டிருப்பார்கள். அது அதிகமாக இருந்தால், உயிரோடு இருந்தபோது பலர் அந்தப் பதிவேட்டின் கண்ணில் படவே இல்லை. நான் இப்போது முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.