கிளாக் 19 பிஸ்டல்: துடைப்பது, எண்ணெய் இடுவது, பழக்குவது – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் பகுதியில் வசிக்கும் நான், கிளாக் 19 வகைப் பிஸ்டலின் ஐந்தாம் தலைமுறையைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கும் தமிழ் நண்பர்கள் என்னிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சுடலாமா, அல்லது பிரித்துத் துடைக்க வேண்டுமா என்பது முதல் கேள்வி. புது மோட்டார் சைக்கிளை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டிப் பழக்குவதைப் போல இதையும் பழக்க வேண்டுமா என்பது இரண்டாவது. முதலாவதற்கு, துடைத்த பிறகே சுட வேண்டும் என்பது என் பதில். இரண்டாவதற்குப் பதில் சற்று நீளமானது; ஏனெனில் இந்தப் பிஸ்டலைப் பொறுத்தவரை, பழக்குதல் என்ற பெயரில் நாம் செய்வது பெரும்பாலும் சோதித்துப் பார்ப்பதுதான் என்பது என் கருத்து. இந்தியாவில் 9×19 மி.மீ. தோட்டா பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது என்பதால், நான் எழுதுவது அனைத்தும் அமெரிக்கச் சூழலுக்கு உரியது என்று கொள்ளவும்.

ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் ஏற்றுக்கொண்ட கிளாக் 17-ஐச் சற்றே குறுக்கி, 1988-இல் கிளாக் 19 வெளிவந்தது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2016-இல் 9 மி.மீ. அளவுக்குத் திரும்பியபோது அதற்கென உருவான மாதிரியின் பல மாற்றங்கள், மறு ஆண்டு வெளியான இந்த ஐந்தாம் தலைமுறையில் இடம்பெற்றன. பிடியில் இருந்த விரல் பள்ளங்கள் நீக்கப்பட்டதும் அவற்றுள் ஒன்று. குழல் நீளம் 102 மி.மீ., தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் மேகசினில் 15 தோட்டாக்கள், காலி மேகசினுடன் எடை ஏறக்குறைய 670 கிராம். பிடியும் சட்டமும் பாலிமர். குழலை மூடியிருக்கும் மேல்பாகமான ஸ்லைடும் குழலும் எஃகு. ஸ்லைடு முன்னும் பின்னும் ஓடுவது பாலிமரின் மீது அன்று. சட்டத்தில் பதித்த, ரெயில்கள் எனப்படும் நான்கு சிறு எஃகுத் துண்டுகளின் மீது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், எண்ணெய் எவ்வளவு தேவை என்பது தானாகவே விளங்கிவிடும்.

புதிய பெட்டியைத் திறந்து ஸ்லைடைக் கழற்றினால், உட்புறத்தில் செம்பு நிறத்தில் பசை போன்ற ஒன்று பூசப்பட்டிருப்பதைக் காணலாம். பலர் அதை அழுக்கென்றோ, கிடங்கில் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தடவியது என்றோ எண்ணிக் கரைப்பான் ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள். கிளாக்கின் கையேடு இதைத் தெளிவாகத் தடுக்கிறது: நீண்ட நாள் மசகாக இருப்பதற்கே அது பூசப்பட்டுள்ளது, துடைத்தெடுக்க வேண்டாம் என்கிறது. அதே கையேடு, முதன்முறை சுடுவதற்கு முன்பு ஒரு முறையும், மாதம் ஒரு முறையேனும், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் சுத்தம் செய்து எண்ணெய் இடச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதல்நாள் வேலை இதுதான்: செம்பு நிறப் பசையைத் தொடாமல் விட்டுவிட்டு, குழலின் உட்புறத்தையும், அதன் பின்முனையில் தோட்டா அமரும் சேம்பரையும், தோட்டாவின் அடி வந்து சாயும் ஸ்லைடின் உள்முகத்தையும் உலர்ந்த துணியால் துடைத்து, சொல்லப்பட்ட இடங்களில் மட்டும் எண்ணெய் வைப்பது. கால் மணி நேர வேலை இது.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளாக்கின் ஸ்லைடைக் கழற்ற டிரிகரை இழுத்தே ஆக வேண்டும். வேறு சில பிஸ்டல்களில் இந்தத் தேவை இல்லை. துடைக்க உட்காருபவர் சேம்பரில் ஒரு தோட்டா கிடப்பதை மறந்து டிரிகரை இழுப்பதால் நேரும் விபத்துகள் அமெரிக்காவில் நன்கு அறியப்பட்டவை. எனவே முதலில் மேகசினை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகே ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறினால், மேகசினில் இருக்கும் தோட்டாவே சேம்பருக்குள் ஏறிவிடும். பிறகு சேம்பரைக் கண்ணால் பார்த்து, சிறுவிரலை உள்ளே விட்டுத் தொட்டும் உறுதிசெய்துகொண்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியே டிரிகரை இழுக்க வேண்டும். என் வீட்டில் துடைக்கும் மேசை இருக்கும் அறைக்குள் தோட்டா எதுவும் வருவதில்லை. இதில் நான் விதிவிலக்கு வைத்ததே இல்லை.

குழலைத் துடைக்கும்போது, கரைப்பான் தோய்த்த தூரிகையைச் சேம்பர்ப் பக்கத்திலிருந்து செலுத்தி, வாயின் வழியே முழுவதும் வெளியே வந்த பிறகே திருப்பி இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தித் திருப்பினால் தூரிகையின் இழைகள் மடங்கிவிடும். அதன்பின் துணித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினால், முதலாவது கரிக்கட்டையாக வெளிவரும், அடுத்தது சாம்பல் நிறமாகும், பிறகு ஓரங்களில் மட்டும் மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோடும் மறையும்வரை தேய்த்தே தீர வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. ஸ்லைடின் அந்த உள்முகத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்க்கும்போது குழல் வாய்ப்பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி ஸ்லைடைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தோட்டாவின் அடியில் அடிக்கும் ஃபயரிங் பின் என்னும் ஊசி நீளும் சிறு துளையின் வழியே கரைப்பான் உள்ளே இறங்கி, கரியோடும் பித்தளைத் துகளோடும் கலந்து பிசினாகிவிடும். ஊசி மெதுவாக நகர, தோட்டாவின் அடியில் அடி வலுவாக விழாது. அந்தத் துளையின் உட்புறம் எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டிய இடம். மேகசினின் உட்புறமும் அப்படியே, ஏனெனில் எண்ணெய் தோட்டாவின் அடியிலுள்ள, அடிபட்டதும் பற்றவைக்கும் பிரைமருக்குள் கசிந்தால் அது வெடிக்காமல் போகலாம்.

எண்ணெய் விஷயத்தில் பலரும் தாராளமாக நடந்துகொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரையில், இந்தப் பிஸ்டலுக்கு எண்ணெய் குறைந்ததால் வந்த தொல்லையைவிட மிகுந்ததால் வந்த தொல்லையே அதிகம். குழலின் வெளிப்புறத்திலும், ஸ்லைடின் மேல்திறப்பில் அது உரசும் இடத்திலும் விரல்நுனியால் மெல்லியதாகப் பூசினால் போதும். நான்கு ரெயில்களுக்கும் பள்ளத்துக்கு ஒரு துளி வீதம் வைத்து, ஸ்லைடை மாட்டிப் பலமுறை இழுத்துவிட்டால் அது தானே பரவிக்கொள்ளும். எஞ்சியது ஒரே இடம்; அதுவே முக்கியமானது. சட்டத்தின் பின்பக்க வலது மூலையில், டிரிகரோடு இணைந்த டிரிகர் பார் என்னும் நீண்ட தகட்டின் முனை வந்து கனெக்டர் என்னும் சிறு வளைந்த தகட்டோடு உரசும் புள்ளி அது. ஊசிமுனைக் குப்பியால் அங்கு ஒரு துளி வைத்தால், அது இரு உலோகங்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கில் உடனே இழுக்கப்பட்டு மறைவதைக் காணலாம். இங்கு எண்ணெய் இல்லையென்றால் டிரிகர் கனப்பதோடு பாகங்களும் சேதமடையலாம் என்று கையேடு எச்சரிக்கிறது. டிரிகர் கரடுமுரடாக இருக்கிறது என்று குறைசொல்லி வந்த ஒரு நண்பரின் பிஸ்டலில் அந்தப் புள்ளி முற்றிலும் உலர்ந்திருந்தது. ஒரு துளிக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எந்த எண்ணெய் என்ற விவாதத்தில் எனக்கு அதிக ஆர்வமில்லை. துப்பாக்கிக்கென்று விற்கும் எதுவும் இந்த வேலையைச் செய்துவிடும். நூறாண்டைத் தாண்டிய ஹாப்ஸ் நம்பர் 9 கரைப்பானின் மணம் சிலருக்குப் பிடித்துப்போய் அதைவிட்டு வேறொன்றுக்கு மாற மறுக்கிறார்கள். எனக்கும் அந்தப் பலவீனம் உண்டு. வீட்டில் கைக்கு எட்டும் டபிள்யூடி-40-ஐ மட்டும் தவிர்க்கலாம். அது ஈரத்தை விரட்டுவதற்கென உருவானது, நிலைத்து நிற்கும் மசகு அன்று.

இனிப் பழக்குவதற்கு வருவோம். பழக்கும் காலம் தேவை என்று வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. காஹ்ர் நிறுவனம் தன் சிறு பிஸ்டல்களின் கையேட்டில், 200 தோட்டாக்கள் சுட்டு முடிக்கும்வரை பிஸ்டலை நம்பத்தக்கதாகக் கருத வேண்டாம் என்கிறது. அளவு சிறுக்கச் சிறுக்க ஸ்லைடின் ஓட்டம் குறைகிறது. அதை ஈடுகட்ட ஸ்பிரிங் இறுக்கமாக வைக்கப்படுகிறது. பாகங்கள் நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தால் முதல் சில நூறு தோட்டாக்களில் மேடுகள் தேய்ந்து வழி சரியாகிறது. கிளாக் 19 அந்த அளவுக்குச் சிறியதும் இல்லை, இறுக்கமானதும் இல்லை. ஆகவே உலோகம் பழகுவதற்காகத் தோட்டாக்களைச் செலவிட வேண்டிய தேவை இதில் குறைவு. ஆனால் நம்மிடம் இருக்கும் இந்த ஒரு பிஸ்டல், இந்த மேகசின்கள், நாம் வாங்கிய இந்தத் தோட்டா, நம் கைப்பிடி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை எந்தக் கையேடும் சொல்லிவிடாது. அதைச் சுட்டுத்தான் அறிய வேண்டும்.

நான் முதலில் 115 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) எடையுள்ள குண்டும் அதன் மேல் செம்பு உறையும் கொண்ட சாதாரணப் பயிற்சித் தோட்டாக்களோடு தொடங்கினேன். மேகசின்களின் அடியில் பெயிண்ட் பேனாவால் எண் இட்டுவைத்தது பெரிதும் உதவியது, ஏனெனில் ஏதேனும் அடைப்பு நேர்ந்தால் குற்றவாளி பிஸ்டலா மேகசினா என்று பிரித்தறிய வேறு வழியில்லை. அவ்வாறே நடந்தது. வேறொரு நிறுவனம் தயாரித்த, விலை மலிவான கூடுதல் மேகசின் ஒன்றில் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்காமல் மூடிக்கொண்டே இருந்தது. எண் இட்டிருந்ததால் ஒரே நாளில் அது பிடிபட்டது. இப்போது அது பயிற்சிக்கு மட்டும் பயன்படுகிறது.

புதிய மேகசின் ஸ்பிரிங் மிக இறுக்கமாக இருக்கும். பதினைந்தாவது தோட்டாவை ஏற்றக் கட்டைவிரல் வலிக்கும். பெட்டியில் தரப்படும் பிளாஸ்டிக் ஏற்றியைக் கூச்சப்படாமல் பயன்படுத்தலாம். நிரப்பிய மேகசினைச் சில நாள் அப்படியே வைத்தால் ஸ்பிரிங் சற்று இணங்கிவிடுகிறது. தோட்டா நிரம்பிய மேகசினை மூடிய ஸ்லைடின் கீழ் செலுத்தும்போது, அது முழுமையாகப் பூட்டிக்கொண்டதா என்று ஒரு முறை கீழ்நோக்கி இழுத்துப் பார்ப்பது அவசியம்.

கைப்பிடியைப் பற்றிப் பேசாமல் பழக்குவதைப் பற்றிப் பேச முடியாது. தோட்டா வெடித்தவுடன் குழலும் ஸ்லைடும் பூட்டியபடியே சிறிது தூரம் பின்னோக்கிச் சேர்ந்து நகர்கின்றன. பிறகு குழல் கீழே சாய்ந்து விடுபட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து சென்று, குண்டு போனபின் எஞ்சும் தோட்டாவின் காலிக்கூட்டை வெளியே எறிந்துவிட்டு, ஸ்பிரிங்கின் தள்ளலால் திரும்பும் வழியில் அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. இவை அனைத்தும் நடக்க, சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, கூடு வாயிலில் சிக்கி நிற்கும். எடை குறைந்த பாலிமர்ச் சட்டங்களில் இது கூடுதலாகத் தென்படும். பிஸ்டல் இன்னும் பழகவில்லை என்று தொடக்கக்காரர்கள் சொல்லும் அடைப்புகளில் பலவும் சுடுபவரின் மணிக்கட்டிலிருந்து வருபவை. அதே பிஸ்டலை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துச் சுடச்சொன்னால் உண்மை விளங்கிவிடும்.

பயிற்சித் தோட்டாவில் தடையின்றி ஓடியது என்பதால், பாதுகாப்புக்கென வைத்துக்கொள்ளும் ஹாலோ பாயிண்ட் தோட்டாவும் ஓடும் என்று முடிவுசெய்யக் கூடாது. அதன் முனை தட்டையாகக் குழிந்திருப்பதால், சேம்பருக்கு ஏறும் சரிவில் வேறுவிதமாக மோதும். பயிற்சித் தோட்டா பெட்டிக்கு 50 என்றால் இது பெரும்பாலும் 20 மட்டுமே, விலையும் பன்மடங்கு. மனம் கசந்தாலும் சில பெட்டிகளைச் செலவிட்டே ஆக வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தினமும் தோட்டாவை இறக்கி, மறுநாள் அதே தோட்டாவைச் சேம்பரில் ஏற்றினால், முனை மீண்டும் மீண்டும் சரிவில் மோதி, குண்டு கூட்டுக்குள் சிறிது சிறிதாக அழுந்துகிறது. உள்ளே இடம் குறையக் குறைய வெடிக்கும்போது எழும் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் உயரவேறுபாடு கண்ணுக்கே தெரியும். அப்படித் தெரிந்தால் அதைச் சுடக் கூடாது, ஒதுக்கிவிட வேண்டும்.

நீண்டகாலத்தில் என் பிஸ்டலில் காண்பது இவ்வளவே. குழலின் மேற்புறமும் வாய்ப்பகுதியும் உரசி மெருகேறியுள்ளன. இது தேய்மானத்தின் இயல்பான தடம், கவலைக்குரியது அன்று. டிரிகர் தொடக்கத்தைவிட வழுவழுப்பாகியிருக்கிறது. அந்த வழுவழுப்பை விரைவில் பெறுவதற்காகப் பாகங்களைப் பாலீஷ் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. பாதுகாப்பு அமைப்பு முழுவதும் அந்த விளிம்புகளையே நம்பியிருப்பதால், நான் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் குறிமுனை, உறையில் போட்டு எடுக்க எடுக்கத் தேயக்கூடியது என்பதால் எஃகுக் குறிமுனையாக மாற்றிக்கொண்டேன். ஸ்லைடின் கரும்பூச்சு வியர்வையை நன்றாகவே தாங்குகிறது. ஆனாலும் ஹூஸ்டனின் கோடையில் இடுப்போடு ஒட்டி வைத்திருந்தால், ஆடையிலிருந்து உதிரும் நூல்தூசு எண்ணெயில் படிந்து, ரெயில்களின் ஓரத்தில் சாம்பல் நிறப் பஞ்சாகச் சேர்ந்துவிடுகிறது. சுடாத மாதத்திலும் துடைக்கச் சொல்லும் கையேட்டின் அறிவுரை, எடுத்துச் செல்பவருக்கு இந்தக் காரணத்தால் முற்றிலும் பொருந்தும்.

துடைக்கும்போது நைட்ரைல் கையுறை அணிகிறேன். தோட்டாவின் பிரைமரில் ஈயச்சேர்மம் இருப்பதால், துணியில் வரும் அந்தக் கரியில் ஈயமும் இருக்கிறது. சுடுதளத்திலிருந்து திரும்பியதும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிய பிறகே எதையும் உண்ண வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அழுக்குத் துணிகளைச் சமையலறைக் குப்பையில் போடாமல் மூடியுள்ள தனி டப்பாவில் சேர்ப்பதும், சுடும்போது அணிந்த சட்டையைத் தனியாகத் துவைப்பதும் நல்லது. துடைத்து முடித்த பிஸ்டல் என் வீட்டில் பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்குள் போகிறது, தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள்.