காதர்பேட்டை சூப்பர் ஹீரோ பனியன்: நெஞ்சுச் சின்னம் துவைப்பைத் தாங்குமா?

திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் காதர்பேட்டை. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியதை விற்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் குழந்தைகளுக்கான சூப்பர் ஹீரோ பனியன்கள் நிறையவே தொங்குகின்றன. துணி நன்றாகவே இருக்கிறது. பிரிண்டில்தான் கோட்டை விடுகிறார்கள்.

சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பின்னல் துணியில் 160 முதல் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரை எடுங்க. 140க்குக் கீழே வெள்ளைத் துணி உடம்பைக் காட்டிவிடும். பனியனை மேசையில் விரித்து, பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்று பாருங்க. நூலின் முறுக்கு அடங்காத துணியென்றால் துவைக்கத் துவைக்கத் தையல் முன்பக்கம் திரும்பும், நெஞ்சுச் சின்னமும் கோணும்.

பிரிண்ட் பெரும்பாலும் பிளாஸ்டிசால் என்கிற பிளாஸ்டிக் வகை மை. சுமார் 160 டிகிரி சூட்டில் மை முழுக்க வெந்தால்தான் துணியைப் பிடிக்கும். அவசர ஆர்டரில், பனியனைச் சூட்டுக்குள் கொண்டுபோகும் கன்வேயரை வேகமாக ஓட்டினால் மேலே காய்ந்து அடியில் வேகாமல் நிற்கும். அதுதான் பாளம் பாளமாக உரிகிறது. சின்னத்தை இரண்டு கையாலும் அகலவாக்கில் இழுத்து விடுங்க. கீறல் விழுந்தால் அங்கேயே வைத்துவிடலாம். கருநீலம், கருஞ்சிவப்புத் துணியில் அடியில் வெள்ளை மை ஒரு தடவை ஓட்டுவதால் கனம் கூடும். நெஞ்சு முழுக்க அடித்த பிரிண்ட் காற்றை விடாது. சித்திரை வெயிலில் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டும். உள்ளங்கை அகலச் சின்னமே போதும்.

வாங்குகிறவர்களிலும் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். சின்னக் குழந்தை முகமூடி கேட்கும்; 1962இல் வந்த ஸ்பைடர்மேனின் உடுப்பு தலை முதல் கால் வரை மூடியது, உள்ளே எந்த ஊர்ப் பிள்ளையும் இருக்கலாம். பெரியவர்கள் சின்னம் மட்டும் போதும் என்கிறார்கள். 1938இல் பிறந்த சூப்பர்மேன் பத்திரிகை ஆபீஸ் சட்டைக்குள் நெஞ்சின் 'S' எழுத்தை மறைத்து வைத்திருந்தவன். ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கும் உள்ளே வேறொருவர் இருக்கிறார் என்கிற நினைப்பு பிடித்துத்தான் போகும். பொன்னர்-சங்கர் கதையான அண்ணன்மார் கூத்தில், படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்புவதைப் பார்த்து வளர்ந்த கொங்குச் சீமையில், அடிபட்டு விழுந்து எழுகிற நாயகன் அந்நியனாகத் தெரிவதில்லை. வெல்வதைவிட எழுவதுதான் நம்மை இழுக்கிறது என்பேன்.

அளவில் கவனம் வேண்டும். ஐரோப்பா ஆர்டரில் மிஞ்சிய பீஸ்களில் 104, 110, 116 என்று இருப்பது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். வயதை மட்டும் சொல்லி வாங்கினால் தப்பும். உயரத்தை அளந்துகொண்டு போங்க. சர்ப்ளஸ் சரக்கை மாற்றித் தரச் சொல்வது கஷ்டம். லேபிள் வெட்டியிருந்தால் பிரிண்டின் ஓரத்தில் பதிப்புரிமை வாசகம் இருக்கிறதா என்று தேடுங்க. அதுவும் இல்லையென்றால் நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். சிலந்திக்கு எட்டுக் கால் இருக்கிறதா என்றுகூட எண்ணிப் பார்த்துவிடலாம்.

துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் போடுங்க. அயர்ன் பெட்டியைச் சின்னத்தின் மேல் நேராக வைத்தால் மை இளகி ஒட்டிக்கொள்ளும்.