ஏழு நாளில் ஒரு பௌத்தப் பள்ளத்தாக்கு: லே, ஸ்பிட்டி, தவாங், பாரோ ஆகியவற்றுள் குமரி மாவட்டத்தவருக்கு எது பொருந்தும்?

வருகிற காலாண்டு விடுமுறையில் இமயமலையின் பௌத்த மடாலயங்களைப் பார்த்துவர வேண்டும் என்று எங்கள் நண்பர் வட்டத்தில் ஐந்து பேர் ஒரே நாளில் முடிவு செய்துவிட்டோம். ஆனால் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போவது என்பதை முடிவு செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. லடாக்கின் லே, இமாச்சலத்தின் ஸ்பிட்டி, அருணாசலத்தின் தவாங், பூட்டானின் பாரோ ஆகிய நான்கு பெயர்கள் மாறி மாறி முன்வைக்கப்பட்டன. எங்களில் இருவர் பள்ளி ஆசிரியர்கள் என்பதால் எட்டு நாளுக்கு மேல் விடுப்பு இல்லை. ஐவரில் இன்னொருவர் மார்த்தாண்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற டீச்சர்; அவருக்கு வயது அறுபத்தெட்டு. லேக்கும் ஸ்பிட்டிக்கும் நான் ஏற்கெனவே ஒவ்வொரு முறை போயிருக்கிறேன். மற்ற இரண்டைப் பற்றி எழுதுவது படித்தும் போய்வந்தவர்களிடம் கேட்டும் அறிந்தது.

இந்த நான்கையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் செலவையும் இயற்கைக் காட்சியையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். பண்பாட்டுப் பயணத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் வேறு. போகவர ஆகும் நாட்களையும் உடல் அந்த உயரத்துக்குப் பழக ஆகும் நாட்களையும் கழித்த பின்பு, ஓர் ஓவியச் சுவரின் முன்போ ஒரு வழிபாட்டு மண்டபத்தின் ஓரத்திலோ தெளிந்த தலையோடு உட்கார எத்தனை காலைப்பொழுதுகள் மிஞ்சும் என்பதே அது.

முதலில் தொலைவைப் பார்ப்போம். கன்னியாகுமரியிலிருந்து கட்ராவுக்குப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும், கவுகாத்தி வழியாகத் திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸும் நம் ஊர் ரயில் நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன என்பதால் ரயிலிலேயே போகலாம் என்று ஆசை எழுவது இயல்பு. ஆனால் போகவே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும் பயணம் எட்டு நாள் விடுப்புக்குள் அடங்காது. ஆகவே திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து கணக்கைத் தொடங்குவதே முறை. முதல் நாள் தில்லியை அடைந்து, மறுநாள் அதிகாலை விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லேயில் இறங்கிவிடலாம். பாரோவுக்கு பாக்டோக்ரா வரை விமானத்திலும், பின்பு எல்லை நகரமான புன்ட்சோலிங் வழியாகச் சாலையிலும் போனால் இரண்டாம் நாள் இரவுக்குள் சேரலாம். ஸ்பிட்டிக்கும் தவாங்குக்கும் விமானத்திலிருந்து இறங்கிய பிறகும் இரண்டு மூன்று நாள் மலைச்சாலைப் பயணம் இருக்கிறது.

இனி உயரம். கடற்கரையில் வாழும் நாம் இதை எளிதாக எண்ணிவிடுகிறோம். நம் மாவட்டத்துக்கு வடக்கே நிற்கும் பொதிகையின் உச்சியே 1,868 மீட்டர்தான். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை உடல் தரும் முதல் எச்சரிக்கைகள். நான் லே சென்றபோது வண்டிக்காரர் வற்புறுத்தினார் என்பதற்காக இறங்கிய அன்று மாலையே மூன்று இடங்களைச் சுற்றினேன். அன்றிரவு முழுவதும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததோடு, மறுநாள் திக்சே மடாலயத்தில் எதைப் பார்த்தேன் என்பது கூட இன்று நினைவில் இல்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலையேறுவோருக்கு மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. இதய, நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயணச்சீட்டு எடுக்கவே கூடாது.

இந்த விதிக்கு இயல்பாகவே இணங்கும் வழி ஸ்பிட்டிக்குத்தான் உண்டு. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகப் போனால், 2,200 மீட்டரில் தொடங்கி, கல்பாவில் ஓர் இரவு தங்கி, மெல்ல மெல்ல ஏறி, ஏறத்தாழ 3,280 மீட்டரில் இருக்கும் தாபோவை அடையலாம். மணாலியிலிருந்து குன்சம் கணவாய் வழியாகப் போவது குறுக்கு வழி என்றாலும், ஒரே நாளில் 4,500 மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு அது உகந்ததன்று. தாபோ மடாலயம் கி.பி. 996-இல் நிறுவப்பட்டது. மேற்குத் திபெத்தை ஆண்ட குகே அரசின் ஆதரவில், மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சங்போவின் காலத்தில் எழுந்த இம்மடாலயம் 46 ஆண்டுகளுக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டே குறிக்கிறது. வெளியே நின்று பார்த்தால் மண் குவியல் போன்ற எளிய கட்டடம்தான். உள்ளே இருளில் கண் பழகப் பழக, நாற்புறச் சுவர்களிலும் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான சுதைத் தெய்வங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். நாற்றிசையும் நோக்கி அமர்ந்த வைரோசன புத்தரைச் சுற்றி முப்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள் அமைந்திருப்பதால், அந்த மண்டபமே நாம் உள்ளே நுழைந்து நிற்கும் ஒரு மண்டலமாகிறது, அதாவது நடுவில் ஒரு புத்தரை வைத்துச் சுற்றிலும் தெய்வங்களை அமைக்கும் பௌத்தச் சக்கர வடிவமாகிறது. 1975-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதம் ஏற்பட்ட பிறகு, அன்றாட வழிபாட்டுக்குப் புதிய மண்டபம் 1983-இல் கட்டப்பட்டது. எனவே பழைய சுவரும் வாழும் வழிபாடும் ஒரே வளாகத்தில் கிடைப்பது தாபோவின் தனிச்சிறப்பு. நான்கில் என் மனம் முதலில் போவது இதற்கே. ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து போய்வரக் குறைந்தது பத்து நாள் வேண்டும். எட்டு நாளில் முடிப்பதாகச் சொல்லும் பயணத் திட்டங்களைக் கவனித்துப் படித்தால், ஆறு நாள் வண்டிக்குள்ளேயே கழிவது தெரியும்.

தவாங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அது குறுகிய பயணத்துக்கான இடமே அன்று. 1680-81-இல் மேராக் லாமா நிறுவிய அந்த மடாலயம் இந்தியாவிலேயே மிகப் பெரியது. அதன் மண்டபத்தில் ஏறத்தாழ எட்டு மீட்டர் உயரப் புத்தர் வீற்றிருக்கிறார். ஆறாம் தலாய் லாமாவும் காதல் கவிஞருமான சாங்யாங் கியாட்சோ பிறந்த உர்கெல்லிங் அருகிலேயே இருக்கிறது. 1959-இல் திபெத்திலிருந்து வெளியேறிய இன்றைய தலாய் லாமா இந்திய மண்ணில் முதலில் வந்து தங்கிய இடங்களில் தவாங்கும் ஒன்று. 2024 மார்ச்சில் சேலா சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின் பனிக்காலத் தடைகள் குறைந்துள்ளன. இருந்தும் கவுகாத்தியிலிருந்து ஏற இரண்டு நாள், இறங்க இரண்டு நாள் என்ற கணக்கில் பெரிய மாற்றமில்லை. அருணாசலத்துக்குள் நுழைவதற்கான உள்நாட்டு அனுமதிச் சீட்டும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். அங்கு வாழும் மோன்பா மக்களின் ஊர்களில் நின்று நிதானமாகப் போகப் பன்னிரண்டு நாள் கிடைக்கும் ஆண்டில் தவாங்கை வைத்துக்கொள்ளலாம்.

மூத்தவர்களுக்குப் பாரோவே நல்லது. பள்ளத்தாக்கின் தரை 2,200 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. இந்தியர்களுக்குக் கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ போதும். ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் நீடித்த வளர்ச்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். நம் ரூபாயும் அங்கே செல்லும். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் போற்றப்படும் கிச்சு லாகாங் கோயிலில் உள்ளூர் முதியவர்கள் மணிமாலையோடு வலம் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே ஒரு காலைப்பொழுது நிறைந்துவிடும். பாறை விளிம்பில் ஒட்டி நிற்கும் தக்த்சங் மடாலயம் 1692-இல் கட்டப்பட்டது. 1998-இல் தீக்கிரையாகி மீண்டும் எழுப்பப்பட்டது. அது ஏறத்தாழ 3,100 மீட்டரில் இருப்பதால் ஏற முடியாதவர்கள் பாதி வழியிலுள்ள உணவகத்திலிருந்தே பார்க்கலாம். ரின்புங் கோட்டை மடாலயத்தின் மரவேலையைக் காணும்போது பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒப்பிட நிறைய இருக்கும். சம்பா அரிசிச் சோறு உண்டு வளர்ந்த நமக்கு, அந்தப் பள்ளத்தாக்கில் விளையும் சிவப்பரிசி அந்நியமாகவும் படாது. ஆனால் பாரோவின் கட்டடங்களில் பல பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை. ஆயிரமாண்டுச் சுவரோவியத்தைத் தேடிப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது குறைவு.

மிஞ்சுவது லே. அங்கே எல்லோரும் செய்வதை நாமும் செய்தால் பயணம் வீணாகிவிடும். வழக்கமான திட்டம் லேயில் ஓர் இரவு தங்கவைத்து, மறுநாளே கர்துங் லா கணவாய்க்கு ஏற்றி, பாங்கோங் ஏரிக்கு ஓட்டிச் சென்று, நடுவில் இரண்டு மடாலயங்களை அரைமணி வீதம் காட்டிவிடும். நான் சொல்லும் வழி அதற்கு நேர் எதிரானது. விமானத்திலிருந்து இறங்கியதும் நகருக்குள் தங்காமல், சிந்து நதியோடு மேற்கே 65 கிலோமீட்டர் கீழ்நோக்கிச் சென்று ஆல்ச்சியில் தங்க வேண்டும். ஆல்ச்சி ஏறத்தாழ 3,100 மீட்டரில் இருக்கிறது. லேயைவிட நானூறு மீட்டர் தாழ்வான இடத்தில் முதல் மூன்று இரவுகளும் கழிந்தால், உடல் பழகும் நாட்களே பார்க்கும் நாட்களாகவும் ஆகிவிடும். தங்கும் விடுதிக்கும் கோயிலுக்கும் இடையே சில நிமிட நடைதான்.

ஆல்ச்சியின் மூன்றடுக்குக் கோயிலான சும்த்செக், கலை வரலாற்றாளர் பலரின் கணிப்புப்படி 12, 13-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது. அவலோகிதர், மைத்ரேயர், மஞ்சுசிறீ ஆகிய மூன்று போதிசத்துவர்களும் மாடங்களுக்குள் நின்ற கோலத்தில், தலை மேல்தளம் வரை எட்ட உயர்ந்து நிற்கிறார்கள். அவர்கள் உடுத்திய வேட்டிகளின் மீதுதான் காஷ்மீர மரபின் நுண்ணிய ஓவியங்கள் இருக்கின்றன. அவலோகிதரின் வேட்டியில் அரண்மனைகளும் கோயில்களும், மைத்ரேயரின் வேட்டியில் புத்தரின் வாழ்க்கையும், மஞ்சுசிறீயின் வேட்டியில் எண்பத்து நான்கு சித்தர்களும் தீட்டப்பட்டுள்ளனர். பதினெண் சித்தர் மரபை அறிந்த தமிழருக்கு அந்தச் சித்தர் உருவங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவே ஒரு முழுக் காலை வேண்டும்.

அவலோகிதரின் முன்பு நம் மாவட்டத்தவர் சற்று அதிக நேரம் நிற்பதற்குக் காரணம் உண்டு. அகத்தியர் அவலோகிதரிடம் தமிழைக் கேட்டறிந்தார் என்று 11-ஆம் நூற்றாண்டுப் பௌத்த இலக்கண நூலான வீரசோழியம் சொல்கிறது. அவலோகிதரின் உறைவிடமான பொதலகம் நம் பொதிகையே என்று கருதும் ஆய்வாளர்களும் உள்ளனர்; லாசாவின் பொதாலா அரண்மனை அந்த மலையின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. சிதறாலின் பாறையில் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, துறவிகள் மலையைத் தேடிப் போன கதை வடநாட்டுக் கதை மட்டுமன்று.

ஆல்ச்சியில் ஒரு குறை உண்டு. துறவியர் கூடி ஓதும் மடாலயமாக அது இன்று இல்லை. லிக்கிர் மடாலயத்துத் துறவிகள் வந்து பராமரிக்கிறார்கள். அந்தக் குறையைக் கடைசி இரண்டு இரவுகளில் லேயில் தங்கித் தீர்த்துக்கொள்ளலாம். ஆறாம் நாள் விடியுமுன் திக்சேக்குச் சென்றால், மாடியிலிருந்து சங்கொலி எழ, சிறுவர் முதல் முதியவர் வரை மண்டபத்தில் வரிசையாக அமர்ந்து ஓதுவதைச் சுவரோரம் உட்கார்ந்து கேட்கலாம். லேயிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே புறப்பட்டுவிடுவதால், இதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

எங்கள் ஐவரில் நால்வர் ஆல்ச்சிக்கே போகிறோம். டீச்சருடைய மருத்துவர் 2,500 மீட்டருக்கு மேல் தங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாததால், அடுத்த மே விடுமுறையில் அவருடன் பாரோவுக்குப் போவதென்றும் தீர்மானித்திருக்கிறோம். ஆல்ச்சியின் உள்ளே படம் எடுக்கத் தடை இருப்பதால், மஞ்சுசிறீயின் வேட்டியில் உள்ள சித்தர்கள் எண்பத்து நால்வரையும் பார்த்து எழுதிக்கொண்டுவரச் சொல்லி அவர் ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.