உப்புவெளியில் நிற்கும் பழைய கேரவனுக்கு ஒரு புது ஹீற்றர்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் விடுதிக் காணியின் ஓரத்தில், 90களில் செய்த ஓர் இங்கிலாந்துக் கேரவன், காரில் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி, நிற்கிறது. சீசனில் அறைகள் நிரம்பினால் அதையும் வாடகைக்கு விடுவோம். அதோடு வந்த தண்ணீர் ஹீற்றரின் தாங்கி ஒழுகத் தொடங்கியது. அந்த மொடலை இப்போது யாரும் செய்வதுமில்லை. "கன்னியாவில ஏழு கிணறு சும்மா சுடுது, உனக்கு என்னத்துக்கு ஹீற்றர்?" என்றார் அண்ணன், பக்கத்திலுள்ள வெந்நீரூற்றுகளைச் சொல்லி. வாடைக்காற்று அடிக்கிற மார்கழியில் கடலில் குளித்துவிட்டு வரும் ஆட்களிடம் அவர் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

கடைசியில் வாங்கியது ட்ரூமா அல்ட்ராஸ்டோர். 10 லீற்றர், துருப்பிடிக்காத எஃகுத் தாங்கி, காஸிலும் வேலை செய்யும், 230 வோல்ட் கறண்டிலும் வேலை செய்யும்.

முதலில் என் கண் போனது அமெரிக்க ட்ரெய்லர்களில் பூட்டும் 6 கலன் ஹீற்றரில். ஏறத்தாழ 23 லீற்றர், பெரிய தாங்கி, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் எலிமென்ட், கறண்டில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதி, 120 வோல்ட்டுக்கு 1440 வாட். நம் 230 வோல்ட்டில் நேரே கொடுத்தால் 5000 வாட்டைத் தாண்டி இழுத்து எரிந்து போகும். சுவரில் வெட்ட வேண்டிய ஓட்டையின் அளவும் வேறு. பழைய கேரவனின் சுவருக்குள் இருப்பது மெல்லிய மரச்சட்டம், அதை மேலும் வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

பெரிய தாங்கி இங்கே தேவையும் இல்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது. ஹீற்றர் தண்ணீரை 70 பாகை வரை சூடாக்கும். குளிக்க 40 பாகை போதும். இங்கிலாந்தில் குழாய்த் தண்ணீர் 10 பாகை என்றால், 10 லீற்றர் சுடுதண்ணீரைக் கலந்து 20 லீற்றர்தான் கிடைக்கும். நம் தொட்டியில் தண்ணீர் 29 பாகையில் நிற்கிறது, அதே 10 லீற்றர் 37 லீற்றர் ஆகிறது. ஷவரை அளவாகத் திறந்தால் இரண்டு பேர் குளிக்கலாம். எலிமென்ட் 850 வாட்தான். தாங்கி முழுதும் சூடேற அரை மணிக்குச் சற்று மேல் பிடிக்கும், அவசரக்காரருக்கு இது சரிவராது. ஆனால் கறண்ட் நாலு அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும், கேரவனுக்குப் போகும் வயர் சூடாகாது. வீட்டு இன்ஸ்டன்ட் ஷவர் ஹீற்றரை அந்த வயரில் கொடுக்கவே கூடாது.

காஸ் இன்ஸ்டன்ட் கீசர் மலிவு என்று ஒருவர் சொன்னார். பெட்டி போன்ற குளியலறைக்குள் அதைப் பூட்டினால் காபன் மொனொக்சைட் சேர்ந்து ஆளைக் கொல்லும். ட்ரூமா எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியிலேயே விடுகிறது. எனக்கு இந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

காஸ் பக்கம் 30 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்தது. ரெகுலேற்றரில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும். 2022இல் கறண்டும் போய், சிலிண்டருக்கும் வரிசையில் நின்ற அனுபவத்துக்குப் பிறகு, இரண்டு வழியும் உள்ள சாமானைத்தான் நான் நம்புகிறேன். கையேட்டில் உறைபனிக்கு முன் தண்ணீரைத் திறந்து விடச் சொல்லி நிறைய எழுதியிருக்கிறது, அந்தப் பக்கங்களைத் தாராளமாகப் புரட்டி விடலாம்.

நாம் பார்க்க வேண்டியது உப்பை. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், சூடான சவர்த்தண்ணீரில் உள்ள குளோரைட் அதில் ஊசித்துளை போடும். கடற்கரைக் கிணறுகளில் பாதி சவர்தான். அதனால் ஹீற்றருக்குக் கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் மட்டும். கிணற்றுத் தண்ணீர் டொய்லெட்டுக்கும் கால் கழுவவும். உங்களுக்குக் கிணறு மட்டும்தான் என்றால் இதை வாங்க வேண்டாம். உள்ளே எனாமல் பூசி மக்னீசியம் கம்பி வைத்த சிறிய வீட்டு கீசர் நல்லது. உப்பு முதலில் அந்தக் கம்பியைத் தின்னும், கம்பியை மாற்றினால் தாங்கி பிழைக்கும். ஆனால் தண்ணீரோடு அதன் பாரம் அதிகம். நகராமல் நிற்கும் கேரவனில் மட்டும், அதுவும் கீழே இரும்புச் சட்டம் அடித்துத்தான் வைக்க வேண்டும்.

விலை? இறக்குமதிச் செலவோடு பார்த்தால் வீட்டு கீசரைப் போலப் பல மடங்கு. வெளிச்சுவரிலுள்ள புகைவாய்க்கு மூடி போட மறந்தால் குளவி மண்கூடு கட்டிவிடும், காஸைப் பற்றவைக்கும் முன் மூடியைக் கழற்றவும் வேண்டும். இன்னொன்று: இங்கிலாந்துக் கேரவன் பைப் 12 மில்லிமீற்றர், நம் ஊர் அரை இஞ்சிப் பைப் அதற்குப் பொருந்தாது. நான் ஏறி இறங்கிய ஹார்ட்வெயார் கடைகளில் இணைப்பான் கிடைக்கவில்லை. ஹீற்றரோடு சேர்த்தே அதையும் ஓடர் பண்ணுங்கள், இரண்டு கூடுதலாக.