மூன்று வருடமாக என் மூங்கில் பரிசல்

தர்மபுரி மாவட்டம் நாகமரையில், மேட்டூர் அணை காவிரியைத் தேக்கியதால் விரிந்து கிடக்கும் தண்ணீரில் மூன்று வருடமாகச் சொந்தப் பரிசல் ஓட்டுகிறேன். இரண்டு பேர் உட்காரும் அளவு. மூங்கில் பத்தைகளால் பின்னி, வெளியே பிளாஸ்டிக் சாக்கு ஒட்டி, அதன்மேல் தார் பூசியது.

முதல் மாதம் முழுக்க ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். பரிசலுக்கு முன் பின் கிடையாது, வட்டம். படகு மாதிரி பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் பம்பரமாகத் திரும்பிவிடும். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: "தம்பி, முன்னாடி குத்தி உங்க பக்கம் இழுங்க. வலது ஒண்ணு, இடது ஒண்ணு." அவ்வளவுதான் வித்தை. கைக்குப் பழக ஆறு வாரம் ஆனது. இப்போது விடியற்காலையில் துடுப்புச் சத்தம்கூட எழாமல் போக முடிகிறது. நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் உட்கார்ந்தபடியே இருக்கின்றன, பறப்பதில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகவே இதை வைத்திருக்கிறேன்.

ஃபைபர் பரிசல் வாங்கியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். பராமரிப்பு குறைவு, உண்மைதான். ஆனால் மூங்கில் அடிப்பாகம் கல்லில் தட்டினால் வளைந்து கொடுக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. குறை தாரில்தான். முதல் கோடையில் வெயிலில் கவிழ்த்து வைத்தேன், தார் உருகி வழிந்து, விளிம்பு ஓரம் கசிய ஆரம்பித்தது. இப்போது புளியமரத்து நிழலில், கல்லின்மேல் கவிழ்த்து வைக்கிறேன். மண்ணில் வைத்தால் கரையான் விடாது.

அணையின் முழு அளவு 120 அடி. 2024 ஜூலை கடைசியில் நிரம்பியபோது கரை வரை தண்ணீர், இறக்குவது சுலபம். மட்டம் இறங்கினால்தான் தொந்தரவு. 80 அடிக்குக் கீழே போகும்போது எதிர்க்கரைப் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அதே சமயத்தில் கருவேல மரத்தூர்களும் நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே வந்து நிற்கும். எனக்கு இரண்டு முறை சாக்கு கிழிந்தது அப்படித்தான்.

காற்றை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பரிசலுக்கு அடியில் தண்ணீரைப் பிடித்து நிற்க எதுவும் இல்லை, காற்று தள்ளிய பக்கம் போய்விடும். ஒருமுறை ஆனி மாத மதியம், கரைக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் போராடினேன். அதற்கப்புறம் ஒன்பது மணிக்கு மேல் உள்ளே இருப்பதில்லை, ஆடி மாதம் இறக்குவதே இல்லை. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்று முந்தைய நாள் பார்த்துக்கொள்கிறேன். மீன் வலையின் மிதவைக் கயிறு தெரிந்தால் சுற்றிப் போகிறேன், அது யாரோ ஒருவரின் அன்றைய வருமானம். உயிர்காப்புச் சட்டை நீச்சல் தெரிந்தவருக்கும் வேண்டும்.

தை பிறந்ததும் மறுபடி தார் பூச வேண்டும். இந்த முறை உள்பக்கம் தளர்ந்த மூன்று பத்தைகளையும் மாற்றிவிட்டே இறக்குவேன்.