மேக்ஸ் கம்ப்யூட்டரா, காமர்ஸ் கம்ப்யூட்டரா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு என் போனுக்கு ஓய்வே கிடையாது. கம்ப்யூட்டர் டியூஷன் எடுக்கிறவன் என்பதால் எங்கள் தெருவுக்கு நான்தான் குரூப் ஆலோசகர். "பையன் கம்ப்யூட்டர் படிக்கணும்கிறான் சார். மேக்ஸ் கம்ப்யூட்டர் போடவா, இல்ல காமர்ஸ் கம்ப்யூட்டர் போதுமா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. அந்தப் 'போதுமா'விலேயே பெற்றோர் மனசு தெரிந்துவிடும். இரண்டும் ஒரே பாடம்தான், ஒன்று மார்க் எடுத்தவர்களுக்கு, இன்னொன்று எடுக்காதவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதம், இயற்பியல், வேதியியலோடு வருவது 'கணினி அறிவியல்'. வணிகவியல், கணக்குப்பதிவியலோடு வருவது 'கணினிப் பயன்பாடுகள்'. பதினொன்றாம் வகுப்புக்கு 2018-லும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-லும் புதுப் புத்தகங்கள் வந்தன. இரண்டு பாடத்துக்கும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மதிப்பெண் கணக்கில் ஒற்றுமை இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்தில் வரும் கணினி அடிப்படைகளும், கடைசியில் வரும் இணையப் பாதுகாப்பு, தமிழும் கணினியும் போன்ற பாடங்களும் பொது. நடுவில் இருக்கும் பெரும்பகுதி முற்றிலும் வேறு.

அதற்குள் போவதற்கு முன் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்கின் 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணினி அறிவியலுக்கு ஒரு மார்க்கும் இல்லை. பையன் அதில் சென்டம் வாங்கினாலும் அந்த 200-ல் ஏறாது. பயோ-மேக்ஸ் படித்த பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்கில் சேரலாம், வருஷா வருஷம் சேர்கிறார்கள். முதல் வருடமே புரோகிராமிங்கை அடியிலிருந்து சொல்லித்தருகிறார்கள். ஆகவே "இன்ஜினியரிங் போகணும், அதனால கம்ப்யூட்டர் குரூப்" என்பது காரணமே ஆகாது. உயிரியலை விட்டால் நீட் வழி சிரமமாகிவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, கணினி அறிவியலைத் திறப்போம். பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்று இரண்டு புரோகிராம் மொழிகள், கூடவே தரவுதளத்தில் தகவலைச் சேர்க்கவும் தேடவும் உதவும் எஸ்கியூஎல். இது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது, சி பிளஸ் பிளஸ்ஸுக்கு முன்னால் வரும் மூன்று பாடங்களைப் பற்றி. ஒரு சிக்கலை எப்படி வரையறுப்பது, எப்படித் துண்டு துண்டாகப் பிரிப்பது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது எப்படி என்று மொழி எதுவும் இல்லாமலே பேசும் பாடங்கள் அவை. நம் பாட்டிமார் 'ஆடு, புலி, புல்லுக்கட்டு' என்று போட்ட விடுகதை அதில் இருக்கிறது. புலிக்குப் பதில் ஓநாய், அவ்வளவுதான் மாற்றம். படகில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஏற்றலாம், தனியே விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். இதை 'நிலை' (எது எந்தக் கரையில் இருக்கிறது), 'நிலைமாற்றம்' (படகு ஒரு முறை போனதும் அது எப்படி மாறுகிறது) என்று எழுதிப் பார்க்கச் சொல்கிறது புத்தகம். என்னைக் கேட்டால் இரண்டு வருடப் பாடத்தில் இதுதான் தங்கம். மொழி மாறினாலும் இது மாறாது.

ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தப் பாடங்களை வகுப்பில் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. "புக் பேக் ஒன் மார்க் மட்டும் பாத்துக்கோங்கன்னுட்டாங்க சார்" என்பார்கள். அப்புறம் நேராக சி பிளஸ் பிளஸ். ஒரு எண்ணைத் திருப்பிப் போட்டாலும் அதே எண்தானா என்று சோதிக்கும் புரோகிராம் ஒன்று உண்டு, நம் 'விகடகவி' சமாச்சாரம்தான். அதை அரைப்புள்ளியோடு மனப்பாடம் செய்து பிராக்டிகலில் எழுதிவிட்டு வருகிறார்கள். ஒரு வரியை மாற்றிக் கேட்டால் முழிக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் இன்னொரு குழப்பம். முதல் பாடங்களில் 'லெட் ரெக்' என்று தொடங்கும் ஒரு பாணியில் செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) எழுதப்பட்டிருக்கும். அது சி பிளஸ் பிளஸ்ஸும் இல்லை, பைத்தானும் இல்லை. ஐந்தாவது பாடத்தில்தான் பைத்தான் வருகிறது. அது பிடிபட்டு வரும் நேரத்தில், சி பிளஸ் பிளஸ் புரோகிராமைப் பைத்தானுக்குள்ளிருந்து ஓட்டுவது எப்படி என்று ஒரு பாடம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சிபிஎஸ்இ இரண்டு வருடமும் பைத்தானோடு நிறுத்திக்கொண்டது புத்திசாலித்தனம்.

இனி 'போதுமா' பாடத்துக்கு வருவோம். பதினொன்றில் ஓபன் ஆபிஸின் ரைட்டர் (கடிதம், கட்டுரை அடிக்க), கால்க் (எக்செல் மாதிரி அட்டவணைக் கணக்குப் போட), இம்ப்ரெஸ் (ஸ்லைடு போட). அப்புறம் இணையப் பக்கம் உருவாக்கும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். பன்னிரண்டில் இணையதளத்தின் பின்னணி வேலைக்கான பிஎச்பி, தரவுதளத்துக்கான மைஎஸ்கியூஎல், நெட்வொர்க், மின்வணிகம், மின்னணுப் பணம் செலுத்துதல். இதை ஒழுங்காகப் படித்த பிள்ளை ஒரு கடைக்கு இணையப் பக்கம் போட்டு, அதில் ஆர்டர் வாங்கும் படிவம் வைத்து, வந்த விவரத்தைத் தரவுதளத்தில் சேர்த்துவிடலாம். பள்ளிப் பாடத்துக்கு இது சின்ன விஷயமா? ஜாவாஸ்கிரிப்டிலும் பிஎச்பியிலும் 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற 'இஃப்', 'திரும்பத் திரும்பச் செய்' என்கிற 'ஃபார்' எல்லாம் வரத்தான் செய்கின்றன. ஆகவே காமர்ஸ் பிள்ளை புரோகிராமிங் படிப்பதில்லை என்பது தப்பு. இன்னொரு வசதி, எழுதியது உடனே பிரவுசரில் கண்ணுக்குத் தெரியும். கறுப்புத் திரையில் ஒரு எண் வருவதைவிட, தான் போட்ட பொத்தான் நிறம் மாறுவதைப் பார்த்த பிள்ளைக்கு அடுத்த வரியை எழுதும் ஆசை தானாக வருகிறது.

கால்க் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. எந்த வேலைக்குப் போனாலும், ஆடிட்டர் ஆபிஸானாலும் அரிசி மண்டியானாலும், முதல் நாளே கையில் கொடுப்பது ஒரு அட்டவணைத் தாளைத்தான். கணினி அறிவியல் பிள்ளைகளுக்கு மேல்நிலையில் அது பாடத்திலேயே இல்லை. இதற்கு முந்தைய பாடத்திட்டத்தில் அட்டவணைத் தாளும் அடங்கிய ஸ்டார் ஆபிஸ் ஒரு பாகம், சி பிளஸ் பிளஸ் ஒரு பாகம் என்று இரண்டும் ஒரே மாணவருக்குக் கிடைத்தன. புதுத் திட்டத்தில் பிரித்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலின் கடைசிப் பாடமாக லிப்ரே ஆபிஸ் கால்க் இருக்கிறது, பத்தாம் வகுப்பு அறிவியலின் கடைசிப் பாடத்தில் கட்டைகளை அடுக்குவது போலப் புரோகிராம் போடும் ஸ்க்ராட்ச் இருக்கிறது. கடைசிப் பாடம் என்றால் நம் ஊரில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பயன்பாடுகள் பாடத்திலும் குறை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் இருக்கிறது. அடோபி நிறுவனம் 2001-ல் வெளியிட்ட 7-ம் பதிப்போடு அதை நிறுத்திவிட்டது. போனிலும் இணையத்திலும் நாம் அடிக்கும் யூனிகோட் தமிழும் அதற்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் பழைய எழுத்துருக்களோடு இன்னும் ஓடுகிறது என்பது உண்மைதான், அதற்காகப் பொதுத்தேர்வில் கேட்க வேண்டுமா? மின்வணிகப் பாடங்களும் விளக்கமும் வகைகளுமாக நீள்கின்றன. மனப்பாடக்காரருக்குக் கொண்டாட்டம், மற்றவர்களுக்குக் கொட்டாவி. இதையெல்லாம்விடப் பெரிய இழப்பு, அந்த ஆடு-புல்லுக்கட்டுப் பாடங்கள் இவர்களுக்கு இல்லை. எப்படிச் செய்வது என்று சொல்லித்தரும் பாடம், எப்படி யோசிப்பது என்பதை விட்டுவிட்டது.

'கணினித் தொழில்நுட்பம்' என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. எங்கள் பக்கம் அதை எடுத்தவர்களை அதிகம் பார்த்ததில்லை, ஆகவே தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. சிபிஎஸ்இ பள்ளி என்றால் 'இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ்' இருக்கிறதா என்று கேளுங்கள். பைத்தானை பாண்டாஸ் என்ற துணை மென்பொருள் தொகுப்போடு வைத்துத் தரவு அட்டவணைகளை அலசக் கற்றுத்தருகிறது. காமர்ஸ் பிள்ளைக்கு நம் இரண்டு பாடங்களையும்விட அது பொருத்தம் என்பது என் எண்ணம்.

என் கணக்கு இதுதான். கணிதமும் இயற்பியலும் பிடித்த பிள்ளை, உயிரியல் வேண்டாம் என்று தெளிவாக இருந்தால், கணினி அறிவியல் எடுக்கட்டும். கால்க்கை விடுமுறையில் நீங்களே சொல்லிக்கொடுங்கள், பத்து நாள் போதும். கணிதத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளையை 'கம்ப்யூட்டர்' என்ற பெயருக்காக மேக்ஸ் குரூப்பில் தள்ளாதீர்கள். அங்கே நூற்றுக்கு எண்பது அவஸ்தை கணிதத்திலும் இயற்பியலிலும்தான் வரும். காமர்ஸ் பக்கம் போனால் இன்ஜினியரிங் கவுன்சலிங் கிடையாது, பிசிஏவுக்கும் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் சில கல்லூரிகள் கணிதம் கேட்கும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் அக்கா மகளுக்கும் இதே குழப்பம். ஒரு சாயங்காலம் அவளிடம் இரண்டையும் கொடுத்தேன். ஆடு-புலிக் கணக்கை ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டு, "முடிஞ்சுது மாமா, வேற?" என்று நோட்டை மூடிவிட்டாள். அப்புறம் காலியான கால்க் தாள் ஒன்றைத் திறந்து, அவள் அம்மாவின் மகளிர் குழு நோட்டைப் பக்கத்தில் வைத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தபோது பன்னிரண்டு மாதத் தவணையும் ஏற்றி முடித்திருந்தாள். "தவணை கட்டாதவங்க பேரு மட்டும் சிவப்பா வரணும், எப்படி மாமா?" என்று கேட்டாள். இப்போது காமர்ஸ் கம்ப்யூட்டர் படிக்கிறாள். குழுக் கணக்கும் அவளிடம்தான்.